ஜெலுத்தோங் சமையல் மேடையை அளக்க ஒரு கீகர் கருவியோடு

கட்டுரை கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளட்டும் என்று, என்னென்ன வருகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. ஈப்போவிலிருந்து பினாங்குக்குக் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு ஏன் போனேன்.
2. அந்தக் கருவியை எப்படிச் செய்தேன், எதற்குப் பயந்தேன்.
3. ரயிலிலும் பெர்ரிப் படகிலும் காரிலும் கண்டது.
4. ஒரு வீட்டில் அளக்கும்போது வீட்டுக்காரர்களை அறைக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும் என்ற விதி.
5. ஜெலுத்தோங், பாயான் லெப்பாஸ், மறுபடி ஜெலுத்தோங்.
6. இதே மாதிரி செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு.

இந்தப் பட்டியலைப் புறப்படுவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டேன். எதையும் அப்படித்தான் செய்வேன், அது என் சுபாவம். திரும்பி வந்த பிறகும் திருத்தவில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

என் தங்கை பத்மா பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஷாலினிக்கு இது எட்டாவது மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு மகளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து, பிரசவமும் பத்தியமும் தானே பார்க்க வேண்டும் என்று பத்மா பல மாதங்களாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். அறைக்குப் புதிதாகச் சாயம்கூட அடித்தாயிற்று.

அப்போதுதான் மருமகன் பிரகாஷின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. கருங்கல்லில் கதிர்வீச்சு இருக்கிறது, வீட்டுக்குள் வைத்திருப்பது ஆபத்து என்று. பிரகாஷ் பாயான் லெப்பாஸில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் பொறியாளர். வந்த செய்தியை அப்படியே நம்புகிற ஆள் இல்லை. தேடிப் படித்தார். கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு இருப்பது உண்மை என்று தெரிந்துகொண்டார். பத்மாவின் சமையல் மேடை முழுக்கக் கருங்கல். அதை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஷாலினிக்கு ஒதுக்கிய அறை. குழந்தை விஷயத்தில் துணிய முடியாது என்று பிரசவப் பராமரிப்பு நிலையம் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பத்மா எனக்குப் போன் செய்தது வியாழக்கிழமை.

"அண்ணே, உங்ககிட்ட டிக்கு டிக்குன்னு ஒரு பெட்டி இருக்குல்ல? வந்து வச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டுப் போங்க."

"அளந்த பிறகுதானே சொல்ல முடியும், பத்மா?"

"சரி லா. அளந்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க."

இனி அந்தப் பெட்டி. நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மின்னணுவியல் பொழுதுபோக்குதான். ஈப்போவைச் சுற்றி வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்த காலத்தில் கழித்துப்போட்ட மணலில் தோரியம் கலந்திருக்கும் என்று படித்ததிலிருந்து இதில் ஓர் ஆர்வம். இணையத்தில் 140 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, ஒரு பாகத் தொகுப்பு வாங்கினேன். அதில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் இருந்தது. கீகர் குழாய் என்பார்கள். உள்ளே வாயு அடைத்திருக்கும். கதிர் ஒன்று புகுந்தால் ஒரு நொடித்துளி மின்சாரம் பாயும். பெட்டி ஒரு முறை 'டிக்' என்னும். நிமிடத்துக்கு எத்தனை 'டிக்' என்று திரையில் எண் வரும். அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் குழாய்க்கு ஏறத்தாழ 400 வோல்ட் வேண்டும். கையடக்க மின்கலத்திலிருந்து ஒரு சிறு சுற்று அதை உண்டாக்குகிறது. இதைச் செய்யத் தொடங்குகிறவர்கள் கதிர்வீச்சுக்குப் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியது முதலில் இந்த 400 வோல்ட்டுக்கு. மின்கலத்தைக் கழற்றிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். நான் ஒவ்வொரு முறையும் மின்கலத்தை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்து, மீட்டரை வைத்து வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். தொடும்போது இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன், மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் போய்விடக் கூடாது என்று. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள் அடைத்துத் திருகாணி போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஈப்போவில் ரயில் ஏறினேன். மூத்த குடிமக்கள் சலுகையில் 18 வெள்ளி. டப்பாவை மடியில் வைத்து, ஒலியைக் குறைத்து, ஓட விட்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை டப்பாவைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். புக்கிட் மெர்தாஜாமில் இறங்கும்போதும் அந்த ரயில்பெட்டியின் கடைசி வாசல்வரை நடந்து போய்த்தான் இறங்கினார். டப்பாவின்மேல் தமிழிலும் மலாயிலும் 'கதிர் அளக்கும் கருவி' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கலாம். கதிர் என்ற சொல்லைப் பார்த்தால் இன்னும் தள்ளிப் போயிருப்பாரோ, தெரியவில்லை.

பத்தரை மணிக்குப் பட்டர்வொர்த். ரயில் நிலையத்திலிருந்து பெர்ரித் துறைக்கு மூடிய நடைபாதை உண்டு, வெயில் படாது. பெர்ரிக்கு 2 வெள்ளி. கீகர் கருவி வைத்திருப்பவர்கள் பினாங்குக்குப் பாலம் வழியாகப் போகாமல் பெர்ரியில் போக வேண்டும் என்பேன். கரையில் நிமிடத்துக்கு 31 'டிக்'. நடுக்கடலில் 17. மண்ணிலும் கல்லிலும் இருந்து எப்போதும் கொஞ்சம் கதிர் வந்துகொண்டே இருக்கிறது; கடலுக்கு நடுவே போனதும் தண்ணீர் அதை மறைத்துவிடுகிறது. இதைப் புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன். கையில் இருந்த டப்பா மெல்ல மெல்ல அடங்கியபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் வேறு.

ஜார்ஜ் டவுனில் இறங்கி, பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி அகல நடைபாதையில் கொஞ்சம் நடந்தேன். ஒரு வாசலின் கருங்கல் படியில் வைத்துப் பார்த்தேன்: 44. நூறாண்டுக்கு மேலாக மக்கள் உட்கார்ந்து பேசுகிற படி. கருங்கல்லில் கூடுதலாக இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் பத்மாவிடம் என்ன சொல்வது என்ற கவலையும் அங்கேதான் பிடித்தது.

ஜெலுத்தோங்குக்கு ஐந்து கிலோமீட்டர். கைப்பேசியில் கார் கூப்பிட்டேன், 11 வெள்ளி. ஓட்டுநர் ஒரு தமிழ் முஸ்லிம் இளைஞர். டப்பாவை அணைக்க மறந்துவிட்டேன்.

"என்ன அங்கிள், பின்னால டிக் டிக்குன்னு? டைம் பாமா?"

எனக்கு வியர்த்துவிட்டது. "இல்லை தம்பி, இது கதிர்வீச்சு எண்ணுகிற கருவி" என்று அவசரமாக விளக்கத் தொடங்கினேன்.

"நான் சும்மா கேட்டேன் லா. பாம் கொண்டு போறவரு சீட் பெல்ட் போடுவாரா?" என்றார். பிறகு, "என் கெரேத்தா எவ்ளோ காட்டுது?" என்று தன் காரைப் பற்றிக் கேட்டார். இருபத்தெட்டு என்றேன். "நல்லதா கெட்டதா?" "சாதாரணம்." அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது போலத் தெரிந்தது.

இனி நான்காவது விஷயம். ஓர் அறையை அளக்கும்போது ஆட்கள் நடமாடினால் கருவி அசையும், பேச்சில் கவனம் சிதறும், எண்ணைப் பார்த்துப் பயந்துபோய் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆகவே எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, பத்து நிமிடம் எண்ணி, சராசரி எடுக்க வேண்டும். இது என் விதி. பத்மாவிடம் சொன்னேன்.

"நீ கொஞ்ச நேரம் ஹால்ல போய் இரும்மா."

"ஏன்? என் சமையக்கட்டுல நான் நிக்கக் கூடாதா?"

அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. சிறு வயதிலிருந்தே வராது. அவளுக்குக் கண்ணில் புரை. என் திரையில் எழுத்து சிறியது. மேடைமேல் டப்பாவை வைத்ததும் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்க் குனிந்து நின்று, எண்ணை எனக்கு வாசித்துக் காட்டினாள். நாற்பது. ஐம்பத்தி ரெண்டு. அறுபது. பத்து நிமிடச் சராசரி 58.

ஜார்ஜ் டவுன் கருங்கல் படியைவிட அதிகம். அந்த நேரம் பார்த்துப் பிரகாஷ் அழைத்தார்.

"மாமா, ரீடிங் எவ்ளோ?"

"கொஞ்சம் கூடுதலாத்தான் தெரியுது. ஆனா இன்னும் சரியா..."

"அது போதும் மாமா. தேங்க்ஸ். நான் சென்டர்ல சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டார். பத்மா பாதியில் விட்ட இஞ்சியை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள். பத்தியத்துக்கென்று வாங்கிய பூண்டு கூடையில் மலையாகக் கிடந்தது. தலை நிமிராமலேயே, "ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்கன்னுதானே அண்ணே கூப்பிட்டேன்" என்றாள்.

என்மேல் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை குறைவு. அன்றைக்கு அது கைகொடுத்தது. கல்லைச் சந்தேகப்படுவதற்கு முன் நான் பற்றவைத்த சுற்றைச் சந்தேகப்பட்டேன். கூடத்து மரமேசையில் வைத்தேன். பத்மாவும் வந்து குனிந்தாள்: 55. மரத்தில் ஏது கதிர்? ஷாலினியின் அறையில் கட்டில்மேல் வைத்தோம்: 53. எங்கே வைத்தாலும் அதே கதை. கருவிதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பின்பக்கத்து பால்கனிக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து, முறைப்படி மின்கலம் எடுத்து, காத்திருந்து, திறந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மறுபடி மூடி, சோதனைக்காக எப்போதும் பையில் வைத்திருக்கும் பொட்டாசியம் உப்புப் பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்தேன். இரத்த அழுத்தக்காரர்கள் சாதா உப்புக்குப் பதிலாக வாங்குவது. இயற்கையாகவே துளி கதிர் உண்டு, ஆபத்து இல்லை. எப்போதும் காட்டுகிற எண்ணைத்தான் காட்டியது. உப்பை எடுத்தால் 32.

கருவி நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் குழப்பத்தில் உட்கார்ந்திருக்கும்போது பத்மா தேநீர் கொண்டுவந்தாள். குனிந்து கோப்பையை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். டப்பா படபடவென்று பொரிந்தது. அவள் நிமிர்ந்து உள்ளே போனாள். அடங்கியது.

"பத்மா, கொஞ்சம் திரும்பி வா."

வந்தாள். பொரிந்தது.

"அந்தப் பக்கம் போ."

"என்ன அண்ணே, டிரில் வாங்கறீங்க?"

நான் மருந்தகத்தில் இருந்தவன். உடலில் இருந்து கதிர் வருகிறது என்றால் என் மனம் எங்கே ஓடும்? ஸ்கேன் எடுப்பதற்காகச் சிலருக்குக் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க. எனக்குத் தெரியாமல் இவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன்.

"ஆஸ்பத்திரில உனக்கு ஏதாச்சும் ஊசி போட்டாங்களா? இந்த வாரம்?"

"எனக்கா? சுகர் மாத்திரைகூட இல்ல எனக்கு. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு."

"பிறகு உடம்பில் என்ன போட்டிருக்கே?"

அவள் கொஞ்சம் தயங்கி, கழுத்துச் சங்கிலியோடு சேர்ந்து கிடந்த ஒரு கறுப்புக் கயிற்றை ரவிக்கைக்குள்ளிருந்து இழுத்தாள். நுனியில் ஒரு பெரிய நாணய அளவுக்குக் கறுப்பான, வழவழப்பான கல்போன்ற ஒரு பதக்கம். "எனர்ஜி டாலர். மேல்மாடி தேவி விக்கிறா. மூட்டு வலிக்கு நல்லதாம், நெகட்டிவ் அயன் வருதாம்."

கழற்றச் சொல்லி, கருவிக்கு அருகில் வைத்தேன். 'டிக்' என்று தனித்தனியாகக் கேட்கவே இல்லை, ஒரே இரைச்சல். திரையில் தொள்ளாயிரத்தைத் தாண்டியது.

இந்த மாதிரிப் பதக்கங்கள் சிலவற்றில் தோரியம் கலந்த கனிமத்தூள் இருக்கிறது, அணியாதீர்கள் என்று பல நாடுகளில் எச்சரித்திருக்கிறார்கள். நான் படித்திருக்கிறேன். என் தங்கை கழுத்தில் தொங்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. ஆக, கல்லை அளப்பதாக நினைத்து நான் அளந்ததெல்லாம் இவளை. இதைச் சொன்னேன். அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். வெளுத்துப்போனது.

"அண்ணே. ஷாலினிக்கும் ஒண்ணு கட்டி விட்டிருக்கேன். இடுப்புல. பிள்ளைக்குக் காப்புன்னு."

நான் உடனே போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன்ல வேணாம். மாப்பிள்ளை காதுல விழுந்தா அப்புறம் ஜென்மத்துக்கும் என்கிட்ட அனுப்ப மாட்டாரு. நேர்ல போயி நானே கழட்டிடறேன்."

யோசித்தேன். இது உடனே ஆளைப் படுக்க வைக்கிற சங்கதி இல்லை. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் உடம்போடு ஒட்டிக் கிடந்தால்தான் கவலை. அரை மணி நேரத்தில் எதுவும் மாறப் போவதில்லை. அது எனக்குத் தெரிந்திருந்ததால் அவள் கேட்டதைக் கொடுக்க முடிந்தது. அவள் பதக்கத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்தோம். வருகிறோம் என்று மட்டும் ஷாலினிக்குச் சொன்னாள்.

ஷாலினி இருக்கும் பாயான் லெப்பாஸுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், 19 வெள்ளி. தொழிற்சாலைகளில் வேலை மாறுகிற நேரம். பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடித்தன, நாற்பது நிமிடம் ஆனது. இந்தச் சாலையில் போகிறவர்கள் பிற்பகல் நான்கு மணிக்குமேல் போகாமலிருப்பது நல்லது. பத்மா மடியில் டின்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில், "நீங்க கல்லு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. இத சொல்ல வேணாம்" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது பிரகாஷ். ஷாலினி சோபாவில் இருந்தாள். பத்மா மகளைத் தனியே அறைக்குள் கூட்டிப் போய்க் கழற்றியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. உள்ளே வந்தவள் அப்படிச் செய்யவில்லை. பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"மாப்பிள்ளை, கல்லு இல்ல. நான்தான்."

பிரகாஷ் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன், வழக்கம்போலத் தேவைக்கு மேல். ஷாலினி மெல்ல இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதே போன்ற பதக்கத்தை மேசையில் வைத்தாள். அங்கே நான் வைத்திருந்த கருவி இரைந்தது. பிரகாஷின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"எவ்ளோ நாளா கட்டியிருக்க?" என்று கேட்டார்.

ஷாலினி அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கட்டவே இல்ல. முதல் நாளே அரிச்சுது. டிராயர்ல போட்டுட்டேன்" என்றாள். "அம்மா வரப்ப மட்டும் எடுத்துக் கட்டிப்பேன். இன்னிக்கு நீங்க வரீங்கன்னு போன் வந்ததும் கட்டினேன்."

"அடிப் பாவி!" என்றாள் பத்மா. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பிரகாஷ் என்னிடம், குழந்தைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று எண்ணாகக் கேட்டார். தெரியாது என்றேன். என் கருவி எண்ணிக்கைதான் காட்டும். உடம்பு எவ்வளவு வாங்கியது என்பதைக் காட்டும் அளவுக்கு அது தரம் பார்க்கப்பட்டதில்லை. சில மணி நேரத்துக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றேன். தெரியாது என்று சொன்னதும் என்னை நம்ப மாட்டார் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் அவர் குரலில் கடுமை குறைந்தது. "நாளைக்குக் காலைல நானும் வரேன் மாமா. கல்லை என் முன்னால அளங்க" என்றார். நிலையத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, திங்கட்கிழமைவரை சொல்லப் போவதுமில்லை என்றும் சொன்னார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தார். மேடை 41, கூடம் 34, ஷாலினியின் அறை 33. மூன்று முறை அளந்தோம். கல்லில் கொஞ்சம் கூடுதல்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் உட்கார்கிற அந்தக் கடைவீட்டுப் படியைவிடக் குறைவு. பிரகாஷ் தன் கைப்பேசியில் எதையோ கணக்கிட்டுப் பார்த்து, அறைக்கும் கூடத்துக்கும் வித்தியாசமே இல்லை என்றார். பிறகு பத்மாவிடம் திரும்பி, "அத்தை, ஷாலினி இங்கயே வரட்டும். ஆனா ஒண்ணு. தேவி அக்கா எது வித்தாலும் எனக்குக் காட்டிட்டு வாங்குங்க" என்றார்.

"அவ இப்ப தண்ணி பாட்டில் விக்கிறா மாப்பிள்ளை."

"அதையும்தான்."

அதற்கு முன்பே பத்மா மேல்மாடிக்கு ஏறி இறங்கிவிட்டிருந்தாள். யாருக்கெல்லாம் விற்றாய் என்று தேவியை உட்கார வைத்துக் கேட்டிருக்கிறாள். அந்த உரையாடலின் சத்தம் ஒரு மாடி கீழே எனக்குக் கேட்டது, எழுத வேண்டாம்.

கடைசியாக, செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு. 400 வோல்ட்டை மறக்காதீர்கள். மூடிய பெட்டியில் வையுங்கள். குழாய் மெல்லியது, உடைந்தால் கண்ணாடித்தூள் கண்ணில் படும், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பழைய பொருள் கடையில் ஒளிரும் முள் வைத்த கைக்கடிகாரம் வாங்கித் திறக்காதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போனால் வெளியே எடுக்க வழியில்லை. உப்புப் பாக்கெட் போதும். ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். பத்து நிமிடமாவது எண்ணுங்கள். சந்தேகமான பொருள் கிடைத்தால் சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். பையில் போட்டு மூடி, ஆள் உட்காராத மூலையில் வைத்துவிட்டு, அரசின் அணுசக்தி அலுவலகத்தைக் கேளுங்கள். எங்கள் டின் பத்மாவின் பின் பால்கனி மூலையில் இருக்கிறது. அவர்கள் சொல்வதன்படி ஒப்படைக்கப் போகிறோம். எண்ணிக்கையைப் பார்த்து யாருக்கும் போனில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், ஒரு பெண் இஞ்சித் தோல் சீவிக்கொண்டு தலை நிமிராமல் நின்றாள்.

இனி அந்த நான்காவது விதி. அது தவறு; தவறு எங்கே என்று தெரியட்டும் என்றுதான் பட்டியலில் அப்படியே விட்டேன். அதை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் பத்மா கூடத்தில் இருந்திருப்பாள், மேடை 41 காட்டியிருக்கும், சுத்தமான எண், நல்ல சராசரி. ஒன்றும் இல்லை என்று அவள் விரும்பியபடியே சொல்லிவிட்டு, பிற்பகல் ரயிலில் நிம்மதியாக ஈப்போ திரும்பியிருப்பேன். ஷாலினி தாய்வீட்டுக்கு வந்திருப்பாள். அம்மா எப்போதும் கண்முன் இருக்கிற வீட்டில், அந்தக் கயிற்றைக் கழற்றி டிராயரில் போட அவளுக்கு நேரமே கிடைத்திருக்காது. வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்து அளக்க வேண்டும். முதலில் அவர்களோடு, பிறகு அவர்கள் இல்லாமல்.